சத்தம் போடாத கதவு

"ஐயோ... அண்ணன் செத்துக் கெடக்கறாரு! யாராச்சும் ஓடியாங்களேன்!"

வாசல் தெளிக்க வந்த பச்சையம்மாவின் அலறலில் சிட்லபாக்கம் ஏரிக்கரைத் தெருவே விழித்துக்கொண்டது.

சொந்த வீட்டு வாசற்படியில் குப்புற விழுந்து கிடந்தார் பொன்னுரங்கம். நிலபுலன்காரர். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ஒரு கடப்பாரை!

கொஞ்ச நேரத்தில் போலீஸ் வந்தது. ஸ்கூல் வேன் ஓட்டும் ஐசக்கைச் சட்டைக் காலரைப் பிடித்து ஜீப்பில் ஏற்றியது.

ஐசக்கின் மனைவி ரத்தினபாய்க்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

எல்லாம் அந்த வேனின் டிரைவர் பக்கக் கதவால் வந்த வினை! தடதட... தடதட... அந்தச் சத்தம் கேட்டால் போதும். ஹார்னே வேண்டாம். பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்துவிடும். பொன்னுரங்கத்துக்கோ அந்தச் சத்தம் ஆகவே ஆகாது. முந்தின நாள் மத்தியானம் நடுத்தெருவில் வேனை மறித்தார்.

"தூக்கத்தைக் கெடுக்கறியேடா, தகர டப்பா!"

ஐசக் சும்மா வந்திருக்கலாம். வந்தானா?

"மண்டையைப் பொளந்துடுவேன்!" என்று தெருவே கேட்கக் கத்தித் தொலைத்தான்.

இப்போது மண்டை பிளந்துவிட்டதே!

ரத்தினபாய் ஸ்டேஷனுக்குள் திடுதிடுவென்று நுழைந்தாள்.

இன்ஸ்பெக்டர் ராஜாராமன் முறைத்தார். "யாரும்மா நீ? கேக்காம கொள்ளாம உள்ள வர்றே?"

"நீங்க கேக்காம கொள்ளாம என் புருஷனை இழுத்துட்டு வரலாம்... நான் வரக்கூடாதா சார்?"

லாக்கப் கம்பிக்குப் பின்னால் ஐசக். உதடு கிழிந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டியது. அழுகையை விழுங்கினாள். கோபம்தான் வெளியே வந்தது.

"ரத்னா... சத்தியமா நான் இல்லடி!"

"நீ வாயை மூடு! உன் வாயாலதான் இவ்வளவும்!"

"சாட்சி இருக்கும்மா," என்றார் ராஜாராமன். "செத்தவரோட சொந்தத் தம்பி. உன் புருஷனுக்குத் தூக்கோ, ஆயுளோ... கோர்ட் பாத்துக்கும்."

பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான் சம்பத். கூடுவாஞ்சேரியில் மனை போட்டு விற்கிறவன். அண்ணனின் ஏரியோர நிலத்தையும் மனை போடலாம் என்று நச்சரித்து, அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

ரத்தினபாய் அவன் முன்னால் போய் நின்றாள். "என்ன பாத்தீங்க?"

"பாக்கலம்மா, இருட்டு. காதால கேட்டேன். விடியக்காத்தால அண்ணன் வூட்டுப் பின்பக்கம் பல்லு தேச்சுகினு இருந்தேன். உன் வூட்டுக்காரர் வண்டி வந்து நின்னுச்சு. அப்பால கெளம்பிப் போய்டுச்சு."

"எங்க வண்டின்னு எப்படித் தெரியும்? தெருவுல வேற வண்டியே இல்லையா?"

"அந்தக் கதவும்மா! தடதடன்னு... ஒரு பர்லாங் தூரத்துல வந்தாகூட கண்டுபுடிச்சுடுவேன்!"

"கதவா? இன்ஜினா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"கதவுதான்! எங்க கொலசாமி மேல சத்தியம்!"

"கேட்டுக்கிட்டீங்களா இன்ஸ்பெக்டர் சார்? இப்ப... நான் இங்க எதுல வந்தேன்னு கேளுங்க."

"எதுல வந்தே?"

"எங்க வேன்ல! வாசல்லதான் நிக்குது. பர்லாங் தூரத்துல வந்தாலே தெரியும்னாரே... ஜன்னலுக்கு வெளியவே வந்து நின்னுச்சே! இவரு தலையைத் திருப்பினாரா?"

ராஜாராமன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

வாசலில் கிரீஸ் சட்டையோடு தலை நீட்டினான் மெக்கானிக் ஜெயவேலு. அவன்தான் வேனை ஓட்டி வந்தவன்.

"நேத்து சாயந்தரமே பீடிங் மாத்திட்டேன் சார். கதவைச் சுத்தி ஓடுற ரப்பரு. காஞ்சு கல்லாட்டம் ஆயிருந்துச்சு. அதான் கதவு ஆடிக்கினு இருந்துச்சு. பழசைப் பிச்சு எறிஞ்சுட்டு, கனமா புதுசு ஒட்டிட்டேன். இப்ப கதவு கப்சிப்! இன்னா ஒண்ணு, புது ரப்பரு தள்ளும். கொஞ்ச நாளிக்கு ஓங்கி அறைஞ்சாத்தான் பூட்டு விழும்..."

"போதும்யா!" என்றார் ராஜாராமன்.

ஐசக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விழித்தான். "எனக்கே தெரியாதே ரத்னா!"

"உன்கூட நான் பேசினாத்தானே தெரியும்? தெருவுல மானத்தை வாங்கிட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போயிட்டே. இனிமே அந்தக் கதவால ஒரு சண்டை வரக்கூடாதுன்னு நான்தான் மாத்தச் சொன்னேன்!"

ராஜாராமன் மெதுவாகத் திரும்பினார்.

"ஏன்யா சம்பத்... நேத்தே வாயை மூடின கதவு, இன்னிக்கு விடியற்காலைல எப்படிய்யா தடதடன்னுச்சு?"

"அது... தூக்கக் கலக்கத்துல..."

"பல்லு தேச்சிட்டிருந்தேன்னு சொன்னே!"

சம்பத்தின் கையிலிருந்த துண்டு நழுவியது. அடுத்த நொடி... கான்ஸ்டபிளைத் தள்ளிவிட்டு வாசலுக்குப் பாய்ந்தான்!

"ஐயோ, சாவி வண்டிலயே கீது சார்!" என்று அலறினான் ஜெயவேலு.

சம்பத் வேனுக்குள் தாவினான். அவசரத்தில் கதவை லேசாக இழுத்துக்கொண்டான். வேன் சீறிக் கிளம்பியது.

எல்லோரும் ஓடினார்கள். ரத்தினபாய் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"அறைஞ்ச சத்தம் கேக்கலையே ஜெயவேலு!"

ரோட்டில் ஏறிய வேகத்தில் வேன் இடது பக்கம் ஒடித்துத் திரும்பியது. வலது பக்கக் கதவு பப்பரப்பே என்று திறந்துகொண்டது.

தொப்!

சம்பத் டீக்கடை வாசலில் உருண்டான். வேன் மணல் குவியலில் முட்டி நின்றது.

"எங்கண்ணன் நெலத்தைக் கட்டிகினு அழுதான் சார்..." என்று முனகினான் சம்பத். "ஐசக் மண்டையைப் பொளப்பேன்னு சொன்னதும்... இதான் சமயம்னு..."

ரத்தினபாய் அவன் கன்னத்தில் விட்ட அறை டீக்கடை ரேடியோவைத் தாண்டிக் கேட்டது. ராஜாராமன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

மத்தியானம். ஐசக் வெளியே வந்தான். வேன் கதவை ஓங்கி அறைந்து பார்த்தான். ஆட்டிப் பார்த்தான். துளிச் சத்தம் இல்லை. முகம் வாடிப்போனது.

"ஏன் ரத்னா... இனிமே வண்டி வர்றது பிள்ளைங்களுக்கு எப்படித் தெரியும்?"

ரத்தினபாய் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"நாளையிலிருந்து நானும் வர்றேன். உன்னைத் திட்டற சத்தம் ஒரு பர்லாங் கேக்கும்... எடு வண்டியை!"