அளவெடுத்த குழி

அந்தக் குழியை அவர்கள் தோண்டவில்லை. கடற்கரைக்கு வந்தபோதே இருந்தது. லிஃப்ட் மெக்கானிக் சும்மா இறங்கி நின்று பார்த்தான். டெய்லர் அளவெடுத்துத் தைத்த மாதிரி கழுத்து வரை கச்சிதமாகப் பொருந்தியது. அது ஒரு கணம் நெருடியது.

‘மணலில் தோண்டிய குழியை மூடிவிட்டுச் செல்லவும்’ என்று பக்கத்துப் பலகையில் எழுதியிருந்ததை அவன் மகள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர்.

“அம்மா, அப்பாவ உள்ள வச்சே மூடிடலாமா?”

“தாராளமா மூடு. லீவு நாள்லயாவது ஒரு இடத்துல இருக்கட்டும்” என்றாள் அவன் மனைவி.

இருவரும் சிரித்துக்கொண்டே மணலைத் தள்ளி மூடினார்கள். வெயில் சாய்ந்து மனிதர்களின் நிழல்கள் நீண்டு கிடக்க, நெடுநாள் பூட்டிக்கிடந்த அறையைத் திறந்தது போன்ற ஈர வாடை அவன் மூக்கில் ஏற, ஒவ்வோர் அலையின் ஓசையும் காதுக்கு வருமுன் மணல் வழியாக அவன் விலா எலும்புக்கு வந்து சேர்ந்தது. சுகமாகத்தான் இருந்தது. அப்போது உள்ளங்காலில் ஏதோ குறுகுறுத்தது.

“ஏய் வாண்டு, கிச்சுகிச்சு மூட்டாத” என்று சிரித்தான்.

வாண்டு அவன் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

நண்டாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். நண்டு அவன் கால் கட்டைவிரலைப் பிடித்தது. சின்னச் சின்ன விரல்களால் பிடித்தது.

“இந்தாம்மா, யாரோ என் காலப் புடிக்கிறாங்க.”

“உங்க புளுகக் கல்யாணமான நாள்லேருந்து கேட்டுட்டுத்தான் இருக்கேன்” என்றபடி மனைவி எழுந்தாள். “குழாயில கால் கழுவிட்டு வந்து தோண்டி விடுறேன். வாண்டு, அப்பாகூடவே இரு.”

கத்த வாயெடுத்தான். நெஞ்சு விரிய இடமில்லை. தூரத்தில் காவலர் விசில் ஊதி, குளிப்பவர்களைக் கரையேறச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கண் முழுக்கக் கடல் மேல்தான். மணலில் என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது?

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அவன் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. பதறாதீங்க, மூச்ச மெதுவா விடுங்க. தனக்கே சொல்லிக்கொண்டு மெதுவாக விட்டான். விட்ட இடத்தில் மணல் வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த மூச்சு பாதிதான் கிடைத்தது. அதற்கடுத்தது அதிலும் பாதி.

திடீரென்று பிடி தளர்ந்தது. போய்விட்டது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

பக்கத்தில் மணல் சத்தமில்லாமல் உள்வாங்கியது. வட்டமாக. சின்னதாக.

“அப்பா, இங்க எனக்கும் ஒண்ணு இருக்கு. என் சைஸுக்கே இருக்கு.”

என்னை எடுத்துக்கொள். அவளை விட்டுவிடு.

உதடு அசைந்தது. குரல் இல்லை. தலையைத் தலையை ஆட்டினான். அப்பா வேடிக்கை காட்டுவதாக நினைத்துச் சிரித்தாள் வாண்டு. சறுக்கி இறங்கினாள். கழுத்து வரை.

குழாயடியில் தண்ணீர் கொட்டும் சத்தம். மனைவியின் முதுகு. விசில்.

வாண்டு நெளிந்தாள். களுக்கென்று சிரித்தாள்.

“அம்மா, யாரோ கிச்சுகிச்சு மூட்டுறாங்க.”