நேர் கீழே விழுந்த கோப்பை

மாமனார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற மருமகன், அழைப்பு மணி அடித்தால் எழுந்து போய்க் கதவைத் திறப்பதுதான் மரியாதை. மாப்பிள்ளை திறந்தான். வாசலில், விண்ணிலிருந்து வரும் ஒலிகளைக் கேட்பறையில் கேட்டுப் பதிவுசெய்துவந்த செவியம்மாவின் மகள் நின்றிருந்தாள். நிறைமாதம். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"மாமா இருக்காரா அண்ணா? ஒரு கொலையைப் பத்திச் சொல்லணும்."

மாப்பிள்ளைக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. உடனே அதற்காக வெட்கப்பட்டான். விண்கப்பல் கிளம்பி அரை நூற்றாண்டாகியும் கொலை என்று யாரும் இவர்கள் வீட்டுக் கதவைத் தட்டியதில்லை. மாமா கப்பலின் ஒரே விசாரணை அதிகாரி. தொலைந்துபோன சாவி, அண்டை வீட்டுச் சண்டை, இவைதான் அவர் கண்ட வழக்குகள்.

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காரும்மா. முதல்ல தண்ணி குடி."

அவள் தானே போய், சுவரில் உயரத்தில் இருந்த குழாயைத் திருகினாள். கப்பலின் சுழலும் வளையத்தில் பிறந்த எல்லோரையும் போல, குவளையைக் குழாய்க்கு நேராகப் பிடிக்காமல் இரண்டு விரற்கடை தள்ளிப் பிடித்தாள். தண்ணீர் லேசாக வளைந்து அதற்குள் விழுந்தது.

"அம்மா கேட்பறை ஏணியிலேருந்து தவறி விழுந்து செத்தாங்கன்னு எழுதிட்டாங்க. தேநீர்க் கோப்பையோட உச்சிப் படி வரைக்கும் ஏறினாங்களாம். அம்மாவுக்கு முழங்கால் வலி, மாமா. கட்டில்ல ஏறவே என் தோளைப் பிடிப்பாங்க."

"யார் மேலயாவது சந்தேகமா?"

"சின்னச்செவி மேலதான். அம்மாவோட உதவியாளர். பழைய ஒலிப்பதிவெல்லாம் அழிஞ்சுபோச்சுன்னு போன வாரம் ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை."

"சரி. சமீபமா அம்மாகிட்ட வேற ஏதாவது மாற்றம்?"

அவள் யோசித்தாள். "வீட்டுல எப்பவும் எதையாவது முணுமுணுத்துக்கிட்டே இருப்பாங்க. காதுல கேட்கிற நட்சத்திர இரைச்சல்தான், ஒட்டிக்கிச்சுன்னு சிரிப்பாங்க. ரெண்டு தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி ஒண்ணு, அந்த மாதிரி. போன வருஷம் அதை நிறுத்திட்டாங்க. நான்கூட அப்பாகிட்ட சொன்னேன், வீடு வெறிச்சோடிப் போச்சுன்னு."

"போன வருஷம் எப்போ?"

"வேகம் குறைக்கிற நெருப்பைப் பத்த வச்சாங்களே, அதுக்கு நாலு மாசம் கழிச்சு இருக்கும்."

மாமா விரல் விட்டு எதையோ எண்ணினார். மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை.

"இதுல என்ன மாமா இருக்கு? சின்னச்செவியைப் பிடிச்சு நாலு தட்டு தட்டினா விஷயம் வெளிய வந்துடும்."

"உங்களுக்குக் கட்டிக்கொடுத்ததுக்கு என் பொண்ணு என்னைத் தட்டாம இருக்காளே, அதைச் சொல்லுங்க. செருப்பை மாட்டுங்க, போகலாம்."

வெளியே தெரு இரு முனையிலும் மேல்நோக்கி வளைந்து, வீடுகளோடும் விளக்குகளோடும் கூரைக்குப் பின்னால் மறைந்தது. இந்தப் பெரிய வளையம் சுழல்வதால்தான் கால் தரையில் பாவுகிறது. சொந்த மண்ணில் பிறந்து கப்பல் ஏறியவர்கள் இப்போது ஒரு கை விரலில் அடங்குவார்கள். மற்றவர்கள் எல்லோரும் இங்கேயே பிறந்தவர்கள். எதிரே வரும் சூரியனை ஓர் உலகம் சுற்றுகிறது. அதில் இறங்குவதா என்று மறுநாள் சபை கூடி முடிவு செய்ய இருந்தது. யாராவது குடியிருக்கும் உலகத்தில் கால் வைக்கமாட்டோம் என்பது கிளம்பும்போது செய்த சத்தியம். அங்கே யாருமில்லை, நட்சத்திர இரைச்சல்தான் கேட்கிறது என்று கேட்பறை வருடக்கணக்காகச் சொல்லிவந்தது.

கேட்பறை இரண்டு ஆள் உயரம். சுவரோடு ஓர் ஏணி, அதன் அருகே இரும்பு மேசை. உச்சிப் படிக்கு நேர் கீழே, தூக்குநூல் விட்டுப் பார்த்ததுபோல, கோப்பைச் சில்லுகளும் தேநீர்க் கறையும் கிடந்தன. பக்கத்தில் இரத்தக் கறை. மாமா குனிந்து பார்த்தார். பிறகு மேசையின் விளிம்பைத் தடவினார். அது பளிச்சென்று துடைக்கப்பட்டிருந்தது.

"மற்ற மேசையிலெல்லாம் தூசி இருக்கு, பார்த்தீங்களா?" என்று மட்டும் சொன்னார்.

அடுத்து செவியம்மாவின் கணவர் வீட்டுக்குப் போனார்கள். தரையிறங்கும் திட்டத்தை வகுத்தவர் அவர்தான். மனைவியை இழந்தவருக்குரிய தளர்வோடு வரவேற்று, தண்ணீர் கொடுக்கக் குழாய்ப் பக்கம் போனார்.

"அவளுக்கு அவசரம் ஜாஸ்திங்க. ஏறாதேன்னா கேட்க மாட்டா."

"ஆமாங்க," என்றார் மாமா. "அது சரி, அவங்க முணுமுணுக்கிறதை ஏன் திடீர்னு நிறுத்தினாங்க?"

கணவர் சட்டென்று திரும்பினார். குவளை குழாய்க்கு நேர் கீழே நின்றது. தண்ணீர் அவர் சட்டைக் கையை நனைத்தது. "இத்தனை வருஷமாகியும் பழகல பாருங்க," என்று சிரிக்க முயன்றார்.

அன்று மாலை எல்லோரையும் கேட்பறைக்கு வரச் சொன்னார் மாமா. சின்னச்செவி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். கணவர் மகளுக்கு நாற்காலி போட்டுவிட்டு அருகில் நின்றுகொண்டார். கப்பல் தலைவி கதவோரம் கைகட்டி நின்றாள்.

"மாப்பிள்ளை, ஏணியில ஏறி இந்தக் கோப்பையைக் கீழ விடுங்க. வீசாதீங்க, சும்மா விடுங்க."

மாப்பிள்ளை விட்டான். கோப்பை பின்னோக்கி வளைந்து, பழைய கறைக்கு இரண்டு முழம் தள்ளி விழுந்து உடைந்தது.

மாமா புதிய சில்லுகளைக் காலால் காட்டினார்.

"வளையம் சுத்துது. மேல இருக்கிற படி தரையைவிட மெதுவாப் போகுது. கோப்பை காத்துல இருக்கிற நேரத்துல தரை முந்திக்கிட்டுப் போயிடும். விழுற ஆள் கையைக் காலை ஆட்டி எங்க வேணும்னாலும் விழலாம். கோப்பைக்குக் கை கால் கிடையாது. அன்னைக்கு அது ஏணியிலேருந்து விழல. யாரோ தரையில கொண்டாந்து உடைச்சிருக்காங்க."

"நான் இல்ல!" என்றான் சின்னச்செவி.

"நீ இல்லைன்னு தெரியும்ப்பா. இங்க பிறந்தவன் கண்ணைக் கட்டி விட்டாலும் கோப்பையைச் சரியான இடத்துலதான் வைப்பான். நேர் கீழ வச்சவர் நேரா விழுற ஊர்ல நடை பழகினவர். நிதானமா இருந்தா அவருக்கும் இது தெரியும். பதறும்போது புத்தி பேசாது, உடம்புதான் பேசும். இன்னைக்குக் குழாயடியில பேசின மாதிரி."

மகள் மெதுவாக அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா?"

 ஈரம் இன்னும் காயாததுபோல அவர் வலது சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்காக?" என்று கேட்டாள் தலைவி.

"நம்ம நெருப்பு வெளிச்சம் அந்த உலகத்துக்குப் போய்ச்சேர ரெண்டு மாசம். அங்கேருந்து ஒரு சத்தம் இங்க வர இன்னும் ரெண்டு மாசம். மொத்தம் நாலு. நாலாவது மாசம் செவியம்மா காதுல கேட்டுக்கிட்டிருந்தது நின்னுபோச்சு. நட்சத்திரத்துக்கு நம்ம நெருப்பைப் பத்தி என்ன கவலை? அது பாட்டுக்கு இரைஞ்சுக்கிட்டு இருக்கும். நெருப்பைப் பார்த்து வாயை மூடணும்னா பார்க்கிறதுக்குக் கண்ணும் பயப்படுறதுக்கு மனசும் வேணும்."

"பதிவெல்லாம் இவர்தான் அழிச்சாரா?" சின்னச்செவியின் குரல் உடைந்தது. "அம்மா என்னைத் திட்டினாங்களே!"

கணவர் ஏணியில் சாய்ந்தார். "அங்க ஆள் இருக்காங்கன்னு சபையில சொல்லிடுவேன்னா. காலைப் பிடிச்சுக் கெஞ்சினேன். உதறினா. நான் பிடிச்சு இழுத்தேன், மேசையில மோதிட்டா. சாகடிக்கணும்னு நினைக்கலம்மா." மகள் பக்கம் திரும்பினார். "மண்ணுல நடந்திருக்கேன்டி நான். இந்தத் தகர டப்பாவுல உன்னைப் பெத்துப் போட்டதுக்கு ஒவ்வொரு நாளும் வெட்கப்பட்டிருக்கேன். உன் பிள்ளையாவது மண்ணுல ஓடட்டும்னு நினைச்சேன். ஒண்ணே ஒண்ணு கேட்கறேன். என்னை என்ன வேணா பண்ணுங்க. ஆனா காரணத்தை மட்டும் வெளிய சொல்லாதீங்க. புருஷன் பொண்டாட்டி சண்டைன்னு எழுதிக்கோங்க. பதிவு ஒண்ணும் மிச்சமில்ல. யாருக்கும் தெரியாது."

 மாப்பிள்ளையின் பெண்ணுக்கு மூன்று வயது. காலையில்தான் அவளுக்கு மண் என்றால் என்ன என்று விளக்க முயன்று தோற்றிருந்தான். மாமாவும் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்து, அம்மாவின் காதுக்கருவியை எடுத்து மாட்டிக்கொண்டாள். வெகுநேரம் கேட்டாள்; பழைய தட்டு எதுவும் அதில் இல்லை. பிறகு கழற்றாமலேயே முணுமுணுக்கத் தொடங்கினாள். இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, மறுபடி ஒன்று.

சின்னச்செவி முகத்தை மூடிக்கொண்டான். "அதேதான். முன்னாடி நாங்க கேட்டது அப்படியே அதேதான்."

"நான் தாலாட்டு மாதிரி கேட்டு வளர்ந்ததுப்பா இது," என்றாள் மகள். "இதை எப்படி அழிப்பீங்க? யாரோ புள்ளைகளை அணைச்சுக்கிட்டு மூச்சுவிடாம ஒளிஞ்சிருக்காங்க. அவங்க வீட்டுல போய் என் பிள்ளையை ஓட விடணுமா?"

கணவர் அவள் கையைத் தொட வந்தார். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் சபையில் அவள் அதை முணுமுணுத்துக் காட்டினாள். சின்னச்செவி சாட்சி சொன்னான். இறங்குவதில்லை என்று முடிவானது; அந்தச் சூரியனைத் தூரத்திலிருந்து சுற்றிக்கொண்டு இந்த வளையத்திலேயே காலம் தள்ளுவது. யாரும் கைதட்டவில்லை. பலர் அவளைத் திரும்பிப் பார்க்காமல் வெளியேறினார்கள். ஒருத்தி, "அப்பனையும் காட்டிக்கொடுத்து எங்க மண்ணையும் கெடுத்தா," என்று காதுபடச் சொல்லிப்போனாள்.

வீடு திரும்பும் வழியில் மாப்பிள்ளைதான் கேட்டான். "அப்போ நெருப்பை இனிமே அணைச்சுடலாமே, மாமா? பாவம், பயந்துகிட்டு இருக்காங்களே."

"அணைச்சா நிக்க மாட்டோம், மாப்பிள்ளை. இந்த வேகத்துல அந்தச் சூரியனைத் தாண்டி இருட்டுக்குள்ள போயிடுவோம். இன்னும் மூணு வருஷம் எரிஞ்சாகணும்."

"அதுவரைக்கும் அவங்க..."

"பார்த்துக்கிட்டே இருப்பாங்க. நாளுக்கு நாள் பெரிசாயிட்டே வரும்."

"நாங்க உங்க வீட்டுக்கு வரலைன்னு சொல்லிடலாமே!"

"சொல்லலாம். நாலு மாசமில்ல, நாப்பது வருஷம்கூடச் சொல்லலாம்." மாமா கதவைத் திறந்தார். "வாசல்ல தீவட்டியோட நிக்கிறவன் சொல்றதை எந்த வீட்டுல நம்புவாங்க?"

உள்ளே மாப்பிள்ளையின் மகள் பந்தை மேலே எறிந்து, அது வளைந்து விழும் இடத்துக்குப் பார்க்காமலேயே ஓடிப் போய்ப் பிடித்துக்கொண்டிருந்தாள்.