பெரட்டுக்கு வந்தவர்கள்

அப்பா கூப்பிட்ட பழனியாண்டியின் பெயருக்கு அன்று நீலாவதி பதில் சொல்லவில்லை. அடுப்பில் கஞ்சி பொங்கிவிட, கரித்துணியைத் தேடிக்கொண்டிருந்தாள். ஆனாலும் பின்வாசல் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கரகரத்த ஆண் குரலில், "வந்தேங்க" என்று பதில் வந்தது.

பக்கத்து வீட்டு டி.வி.யாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். பின்பக்கம் வீடே கிடையாது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? தீவின் கரையோரச் சிப்பிகாட்டில் அது ஒரு காலத்தில் நெல் வயல். சுனாமியில் நிலம் தாழ்ந்து கடல் ஏறியது. ஏறிய கடல் திரும்பிப் போகவில்லை. பட்டுப்போன பாக்கு மரங்கள் மொட்டை மொட்டையாக உப்புத் தண்ணீரில் நின்றன. ஓதம் ஏறும்போது சேற்று வாடை அடுப்படிவரை வரும்.

அவளுடைய அப்பா ஐயாவு, கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தபோது துணிமணியோடு பெரட்டையும் கொண்டுவந்துவிட்டார். விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, பதில் வாங்கி, பால்வெட்டுக்கு அனுப்புவதுதான் பெரட்டு. கடைசி ஆள் பதில் சொல்லும்வரை வரிசை நகராது. அவர் தினம் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆட்களையெல்லாம், மனைவி சொர்ணம்மாவையும் சேர்த்து, அலை கொண்டுபோன பிறகு மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

சில வருடங்கள் நன்றாகத்தான் இருந்தார். பிறகு வேட்டி கட்ட மறந்தார், சாப்பிட்டதை மறந்தார், மகளை மறந்தார். சுனாமி அதிர்ச்சி என்றார்கள். காத்துக் கருப்பு என்றார்கள். மெயின்லேண்டிலிருந்து மருத்துவ முகாமுக்கு வந்த டாக்டரம்மாதான் அதற்கு டிமென்ஷியா என்று பெயர் சொன்னார்.

"குணமாகிற வியாதி இல்லைம்மா. பொழுது சாயும்போது குழப்பம் கூடும். எதிர்த்துப் பேசாதீங்க, அவர் போக்குலயே போங்க."

அவர் போக்கிலேயே போனாள். தீவில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும்; அந்த இருட்டுதான் அப்பாவுக்கு விடியற்காலை. கம்பை ஊன்றி நடுவீட்டில் நின்று பெரட்டு எடுப்பார். பதில் வராவிட்டால் ஆட்களைத் தேடித் தண்ணீருக்குள் இறங்கிவிடுவார். ஒருநாள் இடுப்பளவு ஆழத்திலிருந்து அவரை இழுத்து வந்ததிலிருந்து, செத்தவர்களுக்கெல்லாம் நீலாவதியே குரலை மாற்றி மாற்றிப் பதில் சொன்னாள். நாலு வயது அகிலாவுக்கு இது நல்ல விளையாட்டு. அவளும் அம்மாவோடு சேர்ந்து "வந்தேங்க" என்பாள். அப்பா சமாதானமாகி வாயைத் திறப்பார். அந்த ஒரு வாய்க் கஞ்சி உள்ளே போவதற்காக எந்தப் பெயருக்கும் பதில் சொல்ல அவள் தயாராக இருந்தாள்.

மறுநாள் காலை கணவன் சுரேந்திரனுக்கு போன் போட்டாள். அவன் தீவுகளுக்கு இடையில் ஓடும் கப்பலில் வேலை பார்க்கிறவன்.

"ராத்திரியெல்லாம் முழிச்சிருக்க, அதான் காதுல என்னென்னமோ கேக்குது. டென்ஷன் மத் லோ, கவலைப்படாத. கப்பல் நாளைக்கு வந்துரும், நீலா."

நாளைக்குத்தானே என்று நினைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் பின்வாசலுக்குத் தாழ்ப்பாள் போட்டு, அம்மிக்கல்லை நகர்த்தி அண்டக் கொடுத்தாள். கரண்ட் போயிருந்தது. அகிலாவை மடியில் இறுக்கிக்கொண்டு அந்தக் கதவை ஒட்டிச் சுவரோரம் உட்கார்ந்தாள். இன்றைக்கு யாருக்கும் பதில் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் அப்பாவின் நிழல் கூரைவரை வளர்ந்து, மடங்கி, அவள் தலைக்கு மேல் கவிந்து நின்றது; வெளியே ஓதம் ஏறி, சுவரின் அடியை நக்கிக்கொண்டிருக்கும் சத்தம் விடாமல் கேட்டது.

"முனியாண்டி."

"வந்தேங்க."

"முத்துவீரன்."

"வந்தேங்க."

சேற்றிலிருந்து கால்களைப் பிடுங்கிப் பிடுங்கி வைக்கும் ஓசை. ஒருவர் இல்லை. பலர். சுவரை ஒட்டி, வரிசையாக.

"சொர்ணம்மா."

"வந்தேங்க."

அம்மா. அம்மாவின் குரலேதான். தாழ்ப்பாளை நோக்கி நீலாவதியின் கை தானாகப் போனது. ஒரே ஒரு முறை பார்த்துவிட்டால் போதும். அகிலா மடியில் நெளிந்தாள். கையை இழுத்துக்கொண்டாள்.

பெயர்கள் தீர்ந்தன. இனி அப்பா உட்காருவார், கஞ்சி கேட்பார். ஆனால் அவர் உட்காரவில்லை. கம்பைத் தரையில் தட்டினார்.

"இன்னும் ஒரு ஆளு பாக்கி."

மெல்லத் திரும்பினார். நாள் கணக்காக யாரையும் அடையாளம் தெரியாத அந்தக் கண்கள், மடியில் இருந்த குழந்தையைத் தெரிந்துகொண்டன.

"அகிலா."

நீலாவதி குழந்தையின் வாயைப் பொத்தினாள். பதில் சொல்லிப் பழக்கிவிட்டோமே. நாமே பழக்கிவிட்டோமே.

"அப்பா, வேணாம்ப்பா. சின்னப் புள்ளப்பா."

"அகிலா."

இன்னும் இறுக்கிப் பொத்தினாள். உள்ளங்கைக்கு அடியில் சின்ன உதடுகள் அசையவில்லை. நன்றாகத் தெரிந்தது. அசையவே இல்லை.

கதவுக்கு வெளியே, ஒரு குழந்தையின் உயரத்திலிருந்து, அகிலாவின் குரலில், சிரிப்பை அடக்கிக்கொண்டு,

"வந்தேங்க."

அப்பாவின் முகம் தெளிந்தது. கம்பைச் சுவரில் சாத்தினார்.

"எல்லாரும் வந்தாச்சு. நடங்க."

வெளியே வரிசை நகர்ந்தது. சேற்றுக் காலடிகள். அவற்றின் கடைசியில், ஓட்டமும் நடையுமாக, ஒரு சின்னக் காலடி.

நீலாவதி மடியைப் பார்க்கவில்லை. பொத்திய கையையும் எடுக்கவில்லை. கைக்கு அடியில் வாய் சில்லிட்டிருந்தது. அது மெதுவாகத் திறந்தது. விரலிடுக்கில் உப்புத் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.