வீட்டில் இருப்போர் இருவர்

போன் விளையாட்டில் அவள் கட்டியிருந்த வீட்டின் வாசலில் ஒரு ஜோடி ஆண் செருப்பு கிடந்தது. ஆனந்தமேரி அதை வைக்கவில்லை. மண்நிறச் செருப்பு, இடது காலின் வார் அறுந்து, கறுப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது. எழுந்துபோய்த் தன் வீட்டுக் கதவைத் திறந்து பார்த்தாள். அதே செருப்பு, அதே கறுப்பு நூல், சாரலில் நனைந்துகொண்டிருந்தது.

கல்வராயன் மலைக்கு வேலைக்கு வந்த அன்றே கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்கடையில் வாங்கிய செருப்பு அது. புதிதாக இருந்தால் சந்தேகம் வரும் என்று வாரை அவளேதான் அறுத்துத் தைத்தாள். மலைக்கிராமத்துத் தபால் ஆபீசில் அவள் ஒருத்திதான் உத்தியோகம். குடியிருந்த ஓட்டு வீடு ஊரைவிட்டுத் தள்ளி, மரவள்ளிக் கொல்லைக்கு நடுவே இருந்தது. கல்யாணமாகாதவள் தனியாக இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியக் கூடாது. கதவு தட்டப்பட்டால், "ஏங்க, யாருன்னு பாருங்க" என்று வெறும் அறைக்குள் குரல் கொடுத்துவிட்டுத்தான் திறக்கப் போவாள். கேட்பவர்களிடம், அவர் பேர் அமல், லாரி ஓட்டுகிறார், இப்போதுதான் வந்து படுத்தார் என்பாள். சொல்லிச் சொல்லி, அந்தப் பெயர் நாக்கில் நன்றாகவே படிந்துவிட்டிருந்தது.

விளையாட்டைப் போடச் சொன்னவள் தங்கை மகள் அபிநயா. "பெரிம்மா, நீங்க மேல வூடு கட்டுங்க, நான் இங்க கட்றேன். ரெண்டு பேரும் போய்க்கினு வந்துக்கினு இருக்கலாம்." மலையில் சிக்னல் கிடைக்கிற இடம் அந்த வீட்டில் ஜன்னல் மட்டும்தான். அதனால் போனைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஜன்னல் கம்பியில், அறையைப் பார்த்தபடி எப்போதும் தொங்கவிட்டிருப்பாள். அவள் சமைப்பது, சாப்பிடுவது, இல்லாத ஒருவரைக் கூப்பிடுவது எல்லாம் அதற்கு எதிரில்தான்.

ஜன்னலோரம் நின்றபடியே தங்கைக்குப் போன் போட்டாள்.

"ஷீபா, பாப்பா என் வூட்டு வாசல்ல செருப்பு ஏதாச்சும் வெச்சாளா? கேம்ல."

"இன்னாக்கா சொல்ற? அவளுக்குப் பரீட்சை. போனைப் புடுங்கி பீரோவுல பூட்டி ஒரு வாரம் ஆவுது. ஒண்டியா கெடந்து உனுக்கு மண்ட கொழம்பிப் போச்சு."

"போடும்போது இன்னாத்துக்கெல்லாமோ சம்மதம் கேட்டுச்சே, நீ படிச்சியா?"

ஷீபா சிரித்தாள். "அத்தெல்லாம் எவ படிப்பா? கீழ வரைக்கும் தள்ளினு போயி அமுக்க வேண்டியதுதான். உன் வூட்ல இன்னா இருக்குது, எடுத்துக்கினு போறதுக்கு?"

சிக்னல் அறுந்தது. வெளியே பனி மூட்டம் கொல்லையைத் தாண்டி, வேலியைத் தாண்டி, ஜன்னல் வரைக்கும் வந்து நின்றது. ஆனந்தமேரி போனில் விளையாட்டின் ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து, முதல்முறையாகப் படித்தாள். விரல் தள்ளத் தள்ள முடியவே இல்லை. ஈரச் சாக்கின் வாடை அறையில் கனத்துக்கொண்டிருக்க, அடுக்களைக் குழாய் ஒவ்வொரு சொட்டாக யோசித்து விட, இயந்திரம் பெயர்த்த விறைப்பான தமிழில் ஓரிடம் வந்தது: 'உங்கள் சம்மதம் உங்கள் வீட்டாருக்கும் பொருந்தும். கேட்கும் ஒலிகளையும் காணும் பொருட்களையும் கொண்டு வீட்டாரை அறிவோம். விடுபட்ட விவரங்களை நாங்களே நிறைவு செய்வோம்.'

அதற்கடியில் ஒரு கேள்வி எழுந்தது.

'வீட்டில் இருப்போர் இருவர். சரியா?'

இல்லை என்று அமுக்க விரல் போனது. பிறகு நின்றது. எங்கோ இருக்கிற, யாரென்றே தெரியாதவர்களிடம், நான் தனியாள் என்று எழுதிக் கொடுப்பதா? இத்தனை நாள் ஊரிடம் மறைத்ததை?

'ஆம்' என்று அமுக்கினாள்.

போனுக்குள் யாரோ இருமினார்கள். கட்டையான, புகை படிந்த இருமல். விளையாட்டு வீட்டின் உள்ளே விளக்கு எரிந்தது. ஓர் ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவள் கட்டில்.

விளையாட்டை அழித்தாள். அழிந்துவிட்டது. அந்த இடம் காலியாக இருந்தது. போனை அணைத்துக் கம்பியிலேயே தொங்கவிட்டாள். கொடியில் துணி நனைகிறது என்று தனக்கே ஒரு வேலை சொல்லிக்கொண்டு வெளியே வந்தாள். புடவையை இழுத்துத் தோளில் போட்டாள்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

காற்று இல்லை. ஒரு மரவள்ளி இலைகூட அசையவில்லை.

தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளேயிருந்து.

ஓடிப்போய்த் தள்ளினாள். அசையவில்லை. உள்ளே தட்டு வைக்கிற சத்தம். தண்ணீர் ஊற்றுகிற சத்தம். பிறகு ஒரு பெண் பேசத் தொடங்கினாள். இன்றைக்குத் தபால் ஆபீசுக்கு வந்த கிழவர் கைநாட்டு வைக்க வெட்கப்பட்டதை, மத்தியானம் சோறு குழைந்துபோனதை, அம்மா நினைவு வந்ததை. ஆனந்தமேரி யாரிடமும் சொல்லாதவை. ஆனந்தமேரியின் குரல். ஓர் ஆண் 'உம்' கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். பெண் சிரித்தாள். அவ்வளவு வாய்விட்டு அவள் சிரித்தே எத்தனையோ காலமாகியிருந்தது.

கதவைத் தட்டினாள். இரண்டு கையாலும்.

பேச்சு நின்றது. காலடி ஜன்னலுக்கு வந்தது. கம்பிகளுக்குப் பின்னால் அவளுடைய முகம், நிம்மதியாக, சாப்பிட்ட களையோடு. அது அவளை ஊடுருவி, அவளுக்குப் பின்னால் இருந்த பனியைப் பார்த்தது.

"யாரும் இல்லீங்க" என்றது உள்ளே திரும்பி. "காத்து."

அணைந்திருந்த போன் தானாக ஒளிர்ந்தது. அந்த வெளிச்சத்தில் அவனும் ஜன்னலருகே வந்து நின்றான். அவள் அவனுக்குப் பெயர் கொடுத்திருந்தாள். வேலை கொடுத்திருந்தாள். தூக்கம்கூடக் கொடுத்திருந்தாள். முகம் எப்படியென்று மட்டும் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

கழுத்துக்கு மேலே, வழவழவென்று, ஒன்றுமே எழுதப்படாத தோல், மெல்ல அவள் பக்கம் திரும்பியது.