மூச்சைத் திருடியது யார்?

"அய்யோ...! கித்தேரி அக்காவ வெட்டிட்டானே!"

பூம்பாறை பஸ் நிற்கும் இடத்தில் அலறல் வெடித்தது.

1988, மார்ச். காலை ஒன்பது மணி.

இன்ஸ்பெக்டர் பரமானந்தம் ஜீப்பிலிருந்து குதித்தபோது, நர்ஸ் கித்தேரியம்மாள் ரோட்டில் பிணமாகக் கிடந்தாள். வெள்ளைச் சேலை முழுக்கச் சிவப்பு.

பக்கத்தில் அரிவாளோடு ஆண்டிச்சாமி. பூண்டு விவசாயி.

ஓடவில்லை!

"ஏலே... என்ன காரியம்டா செஞ்சே?"

"எம் மூணு பிள்ளைகளையும் கொன்னவ சார் இவ! எல்லாம் நெறமாசப் பிள்ளைக. ரெண்டாம் நாளே நீலம் பாரிச்சுப் போயிருச்சுக. மூணு பேறுகாலமும் இவ கையிலதான்!"

"அதுக்கு வெட்டிருவியா?"

"போன வாரம் புகார் குடுக்க வந்தப்ப நீங்கதான சார் சொன்னீங்க... மூணும் ஒரே கையிலன்னா எனக்கே சந்தேகமாத்தான் கெடக்குன்னு!"

பரமானந்தத்துக்குச் சுருக்கென்றது.

அவனை வெரசாக அனுப்பிவைக்க, வாய்க்கு வந்தபடி சொன்ன வார்த்தை அது!

மதியம். கொடைக்கானல் ஆஸ்பத்திரி.

டாக்டர் தெரசம்மாள் ஒரு கவரை நீட்டினாள். அழுது அழுது கண்கள் வீங்கியிருந்தன.

"இன்னைக்குத் தபால்ல வந்துச்சு. மூணாவது குழந்தையோட நுரையீரல் ரிப்போர்ட். வெளிநாட்டு லேப்."

"மூச்சை அமுக்கியிருக்காங்களா?"

"யாரும் தொடலைங்க! மூச்சு விடுறப்ப நுரையீரல் சுருங்கி ஒட்டிக்காம இருக்க, உள்ள ஒரு வழவழப்பு இருக்கும். அதுல இருக்கவேண்டிய ஒரு புரதம் இந்தக் குழந்தைக்கு இல்லவே இல்ல..."

"எப்படி?"

"பரம்பரை. அந்தப் புரதம் வம்சத்துக்கு வம்சம், ஜனத்துக்கு ஜனம் மாறும்போலன்னு இப்பத்தான் ஆராய்றாங்க. அந்த மாற்றத்தால பெரும்பாலும் கெடுதல் கிடையாது. ஆனா பழுதான ஒண்ணு அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வந்துட்டா... அவ்வளவுதான். ஆண்டிச்சாமி பொண்டாட்டி வடிவு, அவனுக்குச் சொந்த அத்தை மகதானே?"

"மருந்து..?"

"எந்த ஊர்லயும் இல்லீங்க."

"டெஸ்ட்டுக்கு அனுப்பச் சொன்னது யாரு?"

தெரசம்மாள் உதட்டைக் கடித்தாள்.

"கித்தேரிதான்! 'பிள்ளைய முழுங்குறவ'ன்னு மாமியார் வடிவை அடிக்கிறா, அவளைக் காப்பாத்துங்கன்னு கெஞ்சினா..."

சாயங்காலம்.

பரமானந்தம் சொன்னதையெல்லாம் லாக்கப் கம்பியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்த ஆண்டிச்சாமி, கம்பியில் முகத்தைப் பதித்தான்.

"அப்ப... எம் பிள்ளைகளக் கொன்னது?"

"பாதி உன் ரத்தம். பாதி உம் பொண்டாட்டி ரத்தம்."

வாசலில் நிழலாடியது. வடிவு! ஒரு கை வயிற்றில்.

"நாலு மாசம் சார்... இதாச்சும் தங்குமா?"

பரமானந்தம் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

கான்ஸ்டபிள் ஜலீல் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சார்... குழந்தைங்க புகார்ல குற்றவாளி யாருன்னு எழுதட்டும்?"

"ரத்தம்னு எழுதுய்யா! அதுக்கு மாட்ட நம்மகிட்ட விலங்கு இல்லன்னும் சேர்த்து எழுது!"