சொல்லிவிட்டுத் தொடு

முகத்தில் திடீரென்று ஈரத்துணி வந்து விழுந்தது. துடைக்கிறவர் யார், எதற்குத் துடைக்கிறார் என்று ஒரு வார்த்தை இல்லை. பெரிய டாக்டருக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. ஏறி என்ன பிரயோஜனம்? இமையைக்கூடத் தூக்க முடியாமல் கிடக்கிறவரின் கோபம் மண்டைக்குள்ளேயே ஒரு சுற்று சுற்றிவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டது.

இந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவை வளர்த்து ஆளாக்கியவர் அவர். பயிற்சிக்கு வரும் டாக்டர்களுக்கு என்னென்ன தெரிந்திருந்தால் தேர்ச்சி என்று விதி வகுத்தவரும் அவர்தான். முதல் விதி, நினைவில்லாதவராக இருந்தாலும் செய்யப்போவதைச் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும். காது கடைசிவரை கேட்கும் ஐயா என்று தொண்டை கிழியக் கத்தியவர். சொல்லாமல் தொட்டவரைத் தயவுதாட்சண்யம் பார்க்காமல் ஃபெயிலாக்கியவர். இரண்டாவது விதி, நோயாளி சரி சொல்லாவிட்டால் வீட்டாரைக் கேட்டுச் சம்மதம் வாங்க வேண்டும். இப்போது அதே பிரிவில், நரம்பு நோய் ஒவ்வொரு தசையாக முடக்கிப்போட்டு, மூச்சும் வெண்டிலேட்டரின் புண்ணியத்தில் ஓடிக்கொண்டிருக்க, அவர் கைப்படத் தேர்ச்சி கொடுத்த பிள்ளைகள் வந்து மாட்டைப் புரட்டுகிற மாதிரி புரட்டிவிட்டுப் போகிறார்கள். நல்லா படிச்சீங்கடா!

மயக்க மருந்து அவரை முழுசாக மயக்கவில்லை என்பது ஒருவருக்கும் தெரிந்த மாதிரி இல்லை. ஸ்பிரிட் வாடையும் ரப்பர் வாடையும் வந்தன. தூரத்தில் ஒரு தள்ளுவண்டியின் கோணல் சக்கரம் கிரீச்சிட்டது. தலைமாட்டுக்கு வலப்பக்கம் இயந்திரம் உஸ்ஸென்று பெருமூச்சு விட்டு அவர் நெஞ்சைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஒரே ஒருவர், இவர் உள்ளே விழித்திருக்கிறார் என்று கண்டுபிடித்துவிட்டால் போதும், பிழைத்துக்கொள்வார். கண்டுபிடிக்காவிட்டால் செத்தவர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். குட்டி டாக்டர் கண்டுபிடித்துவிடுவாள் என்று அவர் மலை மாதிரி நம்பினார். அவரிடம் பயின்றவர்களில் அவள்தான் கெட்டிக்காரி, 'குட்டி' என்று பெயர் வைத்ததே அவர்தான். பிள்ளையில்லாத வீட்டில் அவருடைய மனைவி பரிமாறி அவள் சாப்பிட்ட நாட்கள் எத்தனையோ. இப்போது அவருக்குப் பதிலாக இந்தப் பிரிவைப் பார்த்துக்கொள்பவளும் அவள்தான்.

"சார், வணக்கம்," என்றது ஒரு குரல். "உங்க கால்ல கை வைக்கப்போறேன். சரியா?"

வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அடடா, ஒருத்தராவது ஒழுங்காகக் கற்றிருக்கிறாரே! ஆணா பெண்ணா என்று பிடிபடாத, ஏற்ற இறக்கமில்லாத குரல். கேட்டுவிட்டுக் காத்திருந்தது. பதில் வராது என்று தெரிந்தும் காத்திருக்கிற அந்த மரியாதைக்கே முழு மதிப்பெண் போடலாம். 'தாராளமா வைப்பா' என்று மனசுக்குள் சொன்னார். சொன்ன பிறகுதான் கை பட்டது. சில்லென்று, உள்ளே எலும்பே இல்லாத மாதிரி மெத்தென்று இருந்தது. பெயரை மட்டும் சொல்லவில்லை. பதற்றத்தில் மறந்திருக்கும் என்று விட்டுவிட்டார்.

பிறகு அடிக்கடி வந்தது. முழங்கால், வயிறு, தோள், இரண்டு கைகள். ஒவ்வொரு தடவையும் வணக்கம், ஒவ்வொரு தடவையும் 'சரியா?'. அவரும் விருந்தாளியை எதிர்பார்க்கிற மாதிரி எதிர்பார்த்து, கேட்கும்போதெல்லாம் சரி என்றார்.

மனைவி வந்து உட்காருகிற நாற்காலிச் சத்தம் கேட்டது.

"உங்க கையைத்தான் புடிச்சுட்டிருக்கேன். தெரியுதாங்க?" நாற்காலியை இன்னும் நெருக்கி இழுத்தாள். "இறுக்கிப் புடிச்சிருக்கேன்."

தெரியவில்லை. நோய் அசைவைத்தான் பறித்திருந்தது, தொட்டால் தெரிகிற உணர்வு அதுவரை பத்திரமாக இருந்தது. கால்? இல்லை. வயிறு? இல்லை. அந்தக் கை எங்கெல்லாம் பட்டதோ அங்கெல்லாம் அவர் இல்லை. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. குரல் எப்போதும் வலப்பக்கத்திலிருந்து வந்தது. வலப்பக்கம் வெண்டிலேட்டரும் சுவரும்தான். ஆள் நிற்க இடமே கிடையாது.

"அம்மா, நீங்க போய் முகம் கழுவிட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்." குட்டி டாக்டரின் குரல்! நாற்காலி நகர்ந்தது, கதவு சாத்திக்கொண்டது. பிறகு காதருகே மூச்சு.

"சார், நான்தான், உங்க குட்டி. உங்க கன்னத்தத் தொடப்போறேன்."

என் கண்ணே! அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூடிய இமையின் ஓரத்தில் ஒரு சொட்டு கசிந்து இறங்கியது. அவள் விரல் அதைத் துடைத்தது.

"முழிச்சுதான் இருக்கீங்க. எனக்கு முன்னாடியே தெரியும் சார்."

சொல்! வெளியே போய் எல்லோரிடமும் சொல்!

"சொல்லிடலாம்னுதான் நெனச்சேன். ஆனா நீங்க எந்திரிச்சு வந்தா நான் மறுபடியும் உங்க பின்னாடி நின்னு தலையாட்டணும். எத்தனை வருஷம் சார்? என்னால முடியல." கன்னத்திலிருந்து விரல் விலகியது. "அடுத்து மூளைச்சாவு பரிசோதனை. பசங்களுக்கும் அப்படியே கத்துக்குடுத்துடறேன்."

பாவி. நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாளே. பெற்ற பிள்ளையாக நினைத்தேனே! அவர் கத்தினார். இயந்திரம் உஸ்ஸென்றது.

அவள் போன பிறகு, வலப்பக்கத்தில்.

"சார், வணக்கம். நெஞ்சுக்குள்ள கை விடப்போறேன். மிச்சம் இருக்கிறத எடுக்கணும். சரியா?"

வேண்டாம்.

அது காத்திருந்தது. சுவருக்கும் இயந்திரத்துக்கும் நடுவே எதுவோ பொறுமையாக மடிந்து உட்காருகிற சத்தம்.

வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

"வேண்டாமா சார்? சரி. நோயாளி சரின்னு சொல்லலன்னா வீட்டுக்காரங்களத்தான் கேக்கணும். நீங்க வெச்ச விதிதானே?"

அவர்தான் வைத்தார். ஐயோ, அவரே வைத்தார்.

பூட்ஸ் சத்தங்கள். நாலைந்து பேர். பயிற்சி டாக்டர்கள் கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள். ஒரு இளம் குரல் தயங்கித் தயங்கி எழுந்தது.

"மேடம், இது நரம்பு நோய் இல்லையா? வெளிய பார்க்க செத்த மாதிரி இருந்தாலும் உள்ள முழிச்சிருக்கலாம். முதல்ல அதை உறுதிப்படுத்தணும்னு சாரோட விதியிலயே இருக்கே?"

கெட்டிக்காரா! கேள், விடாதே!

"நான் உறுதிப்படுத்திட்டேன்," என்றாள் குட்டி டாக்டர். "நீங்க பாஸா ஃபெயிலான்னு முடிவு பண்ணப்போறது யாரு?"

"நீங்கதான் மேடம்."

ஒரு பூட்ஸ் பின்னால் நகர்ந்தது.

இடது இமையைக் கட்டை விரல் தூக்கியது. வெளிச்சம். எத்தனையோ நாளுக்குப் பிறகு வெளிச்சம். டார்ச், அதற்குப் பின்னால் அவள் முகம். கண்மணி சுருங்கியது. அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை அவர் பார்த்தார்.

"சுருங்கல," என்றாள்.

டார்ச் விலகியது. இமையை விடாமலே அவள் மற்றவர்கள் பக்கம் திரும்பி ஏதோ விளக்கினாள். அவள் தோளுக்கு அப்பால் கண்ணாடிச் சுவர். கண்ணாடிக்கு வெளியே அவர் மனைவி.

தனியாக இல்லை.

கூரைவரை உயரமான ஒன்று அவளுக்காகப் பாதியாக மடிந்து குனிந்திருந்தது. கைகளைப் பணிவாகக் கட்டியிருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தை அவள் காதோடு சேர்த்து வைத்திருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் எதையோ கவனமாகக் கேட்டாள்.

அது தன் கேள்வியைக் கேட்டு முடித்தது. காத்திருந்தது.

வேண்டாம்னு சொல்லு. சொல்லும்மா!

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி என்று தலையாட்டினாள்.

குட்டி டாக்டர் விரலை எடுத்தாள். இமை தானாக மூடிக்கொண்டது.