தண்டைக் கட்டிக்கொண்ட சட்டை

சட்டையின் பொத்தான்கள் எல்லாம் போடப்பட்டிருந்தன. கழுத்துவரை.

துவைக்கும் மிஷினிலிருந்து எடுத்த ஈரச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பொத்தானைக் கழற்றாமல் ஒரு சட்டையை மிஷினில் போடும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. போட்டால் நடுவில் நிற்கும் அந்தத் துடுப்புத் தண்டு பொத்தானை நூலோடு பிய்த்துத் துப்பிவிடும். கப்பலில் இருக்கும் கணவர் சீக்கிரம் வீட்டுக்கு வரப்போகிறார் என்று பெட்டியைத் திறந்து அவருடைய துணிகளை எடுத்தவள் அவள்தான். பாச்சை உருண்டை வாடையை உதறி, ஒவ்வொரு சட்டையாகப் பொத்தான் கழற்றி, சுருண்டிருந்த கைகளை இழுத்து நீட்டி, பார்த்துப் பார்த்துப் போட்டவளும் அவள்தான்.

மறந்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டபோதே அது பொய் என்றும் தெரிந்தது.

அவள் பயந்த சுபாவம் உள்ளவள் அல்ல. அக்கம்பக்கத்தில் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். கற்றுக்கொடுத்தது கார் ஓட்ட. பயிற்சிக் காரில் அவள் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. எதிரே வரும் லாரியைப் பார்த்ததும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொள்கிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிழைப்பு நடத்துகிறவளுக்கு ஒரு சட்டைப் பொத்தான் எம்மாத்திரம்? உதறிக் கொடியில் போட்டாள்.

மிஷின் மேல்மூடி திறக்கும் பழைய மாடல். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மாமனார், எங்கோ பழைய சாமான் விற்கிற இடத்தில் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லச் சொல்ல எடுத்துவந்தது. இப்போது வருகிற மிஷின்கள் துணியைத் தடவிக் கொடுக்கின்றன, இதுதான் துவைக்கிறது என்பது அவர் கட்சி. அதில் பொய்யும் இல்லை. தொட்டி நிறையத் தண்ணீர் குடிக்கும், வீடே அதிரச் சத்தம் போடும், மெல்லிய துணியைக் கிழித்தும் வைக்கும். ஆனால் காலர் அழுக்கு, கிரீஸ் கறை எதுவும் அதன் முன் நிற்காது. தண்டு இந்தப் பக்கம் ஒரு திருகு திருகும், அந்தப் பக்கம் ஒரு திருகு திருகும். கர்ரக், கர்ரக் என்று பின்கட்டு பால்கனியிலிருந்து வரும் அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் மாமனார் மத்தியானத் தூக்கம் போடுவார். காது மந்தம் என்பதால் அவருக்கு அது தாலாட்டு.

மறுநாள் மிச்சத் துணிகளைப் போட்டாள். சத்தம் நின்றபின் மூடியைத் திறந்தவள் கையை உள்ளே விடவில்லை.

நீலச் சட்டையின் முனை கால்சட்டைக்குள் ஒழுங்காகச் செருகப்பட்டிருந்தது. கால்சட்டையின் அடியில், கால் இருக்க வேண்டிய இடத்தில், காலுறைகள். சட்டையின் இரண்டு கைகளும் தண்டைச் சுற்றி வளைத்து, வலது கைப்பட்டையின் பொத்தான் இடது கைப்பட்டையின் துளைக்குள் போய் மாட்டியிருந்தது. காலர் தண்டின் மேல் சாய்ந்திருந்தது. வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படுகிற ஒருவன் கம்பத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொள்வதுபோல. சோப்பு மணத்துக்கு அடியில் இன்னொரு வாடை, நாள்பட்டு ஈரத்தில் கிடந்த கம்பளியின் வாடை, மெல்ல எழும்பி மூக்கில் ஏறியது.

மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். வந்தவர் கேட்காமலே விளக்க ஆரம்பித்துவிட்டார். இந்த மாதிரி மிஷினில் துணி தண்டை ஒட்டியே உள்ளே இறங்குமாம், அடியில் போய் ஓரமாக மேலே ஏறி வருமாம், வந்ததும் திரும்ப இறங்குமாம். அந்தச் சுற்றில்தான் அழுக்குப் போகிறது. அளவுக்கு மீறித் திணித்தால் சுற்று நின்று சிக்கிக்கொள்ளும். "தப்பு உங்க பேர்லதாங்க்கா" என்று சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்தார்.

சிரிப்பு நின்றது. கைப்பட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை. விரலை உள்ளே நுழைத்து நெம்பினார். சட்டென்று கையை எடுத்துக்கொண்டு, விரலைத் தன் சட்டையில் திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"அக்கா, இது சிக்கல் இல்ல," என்றார். "பிடி."

வேறு மிஷின் வாங்கிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் ஓட்டமாகவே கேட்டது.

அன்று சாயங்காலம் கணவரிடமிருந்து போன் வந்தது. சரக்குக் கப்பலில் சமையல்காரர் அவர். துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் கப்பல் கரைக்குச் சற்று வெளியே நங்கூரம் போட்டு நின்றதால் சிக்னல் தெளிவாக இருந்தது. வழக்கமாகப் போனை எடுத்ததும் டீச்சரம்மா இன்றைக்கு எத்தனை பேரைக் காப்பாற்றினீர்கள் என்று கிண்டல் செய்கிறவர், இன்று குரலே எழும்பாமல் பேசினார். தலை சுற்றுகிறதாம். கடல் கண்ணாடி மாதிரி கிடக்கிறதாம், கப்பலில் ஒரு டம்ளர்கூட அசையவில்லையாம், ஆனால் இவரை மட்டும் யாரோ தோளைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகுகிறார்களாம். எதை வாயில் வைத்தாலும் சோப்பு ருசி.

"எப்போலேருந்து?" என்றாள்.

"நேத்து கொஞ்சம் இருந்துச்சு. இன்னைக்கு மத்தியானம் தாங்க முடியல. அடுப்பு முன்னாடியே விழுந்துட்டேன்." பிறகு தயங்கி, "டீச்சர், விழும்போது ஏதோ ஒரு கம்பத்தைக் கட்டிப் பிடிச்சேன். எழுந்து பாத்தா அங்க கம்பமே இல்ல."

போய்ப் படுங்கள் என்று மட்டும் சொன்னாள். மிஷினில் பார்த்ததைச் சொன்னால் அவர் நம்புவார் என்பதுதான் பயமாக இருந்தது.

போனை வைத்தவள் நேராகப் பால்கனிக்குப் போனாள். பிளக்கைப் பிடுங்கினாள். தொட்டிக்குள் குனிந்து கைப்பட்டைப் பொத்தானில் நகத்தைக் கொடுத்தாள். நகம் ஒடிந்தது. இன்னொரு நகத்தைக் கொடுத்தாள். கடைசியில் பொத்தான் விட்டுக்கொடுத்தபோது ஈரத்துணி மெல்லத் தளர்ந்தது, அழுது களைத்த பிள்ளையின் உடம்புபோல. எல்லாவற்றையும் கொடியில் விரித்தாள். பிறகு மிஷினின் மூடியை ஓங்கி ஓர் அறை அறைந்து சாத்தினாள்.

"என் வீட்ல நான் சொன்னாத்தான் எதுவும் ஓடும்," என்றாள். "கேட்டுக்கிட்டியா?"

உள்ளே எங்கோ ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது, மிஷினை யாரும் தொடக்கூடாது என்று மாமனாரிடம் சொன்னாள். அவர் தலையாட்டினார். எது சொன்னாலும் தலையாட்டுகிற மனிதர் அவர். காதில் விழாதபோது இன்னும் பலமாக ஆட்டுவார்.

மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்து மழை கொட்டியது. அவள் ஒரு பல் டாக்டருக்கு வண்டியைப் பின்னால் எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது.

"திரும்ப ஆரம்பிச்சிடுச்சு." கணவரின் குரல் வளைந்து வளைந்து வந்தது. "இடது பக்கம். வலது பக்கம். டீச்சர், மூச்சு விட முடியல, வாயெல்லாம் தண்ணி. இவங்க எல்லாம் பிடிச்சுப் படுக்க வெச்சிருக்காங்க. ஆனா நான் படுத்திருக்கற மாதிரியே இல்ல. இறங்கறேன். இறங்கிக்கிட்டே இருக்கேன்."

போனை வைக்க வேண்டாம் என்றாள். பல் டாக்டரைப் பக்கத்து இருக்கைக்கு நகரச் சொல்லிவிட்டு வண்டியை அவளே எடுத்தாள். தெருக்கள் ஆறாக ஓடின. போக்குவரத்து விளக்குகள் அணைந்து கிடந்தன. வழியெங்கும் டாக்டர் வாயைத் திறக்கவில்லை. வீட்டு வாசலில் அவரை வண்டியோடு விட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள்.

கதவைத் திறந்ததுமே கேட்டது. கர்ரக். கர்ரக்.

மாமனார் கூடத்தில் நின்றிருந்தார். தான் செய்த நல்ல காரியத்தை அவர் பெருமையோடு சொன்னார்: மழை அடித்ததாம், கொடி அறுந்து பையன் துணி எல்லாம் கீழே சேற்றில் விழுந்துவிட்டதாம், அவரே பொறுக்கிவந்து மிஷினில் போட்டு பிளக்கையும் செருகிவிட்டாராம். சொல்லிக்கொண்டே வந்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

அவள் பால்கனிக்குப் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

கர்ரக். கர்ரக்.

"கரண்ட் போய் ரொம்ப நேரமாச்சும்மா," என்றார் மாமனார் பின்னாலிருந்து. "அதான் எனக்கும் புரியல."

பால்கனியில் மழையின் சாம்பல் வெளிச்சம் மட்டும் இருந்தது. பிளக் அவள் கையில் தொங்கியது. மிஷின் முன்னும் பின்னும் அசைந்து, தரையில் தேய்ந்து, மெல்ல மெல்ல அவளை நோக்கி நகர்ந்துவந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் கட்டையில் வைத்தாள். மூடியைத் திறந்தாள்.

தொட்டி விளிம்புவரை தண்ணீர். அதில் நுரை இல்லை. கறுப்பாக இருந்தது. நீலச் சட்டை தண்டை ஒட்டித் தலைகீழாக உள்ளே இறங்கியது. முதலில் காலர், பிறகு தோள், பிறகு நீண்டுகொண்டே போன கைகள். போனில் அவர் மூச்சு நின்றது. சட்டை ஓரமாக மேலே வந்தது. போனில் அவர் இருமி, காற்றை இழுத்தார். திரும்ப இறங்கியது. திரும்ப மூச்சு நின்றது.

பிறகு தண்டு நின்றது.

எல்லாம் நின்றது. மழைகூடத் தள்ளிப் போனதுபோல.

"நின்னுடுச்சு," என்றார் அவர். "டீச்சர், நின்னுடுச்சு." உடனே, சின்னக் குரலில், "தண்ணி இறங்குது."

அவளுக்குத் தெரியும். துவைத்து முடிந்தால் தண்ணீர் இறங்கும். தண்ணீர் இறங்கினால் தொட்டி சுற்றும். துணியைச் சுவரோடு வைத்து அழுத்தி, கடைசிச் சொட்டுவரை பிழியும். அந்த மிஷின் அதை எவ்வளவு நன்றாகச் செய்யும் என்றும் தெரியும். உலர்ந்த துணிபோல வெளியே வரும்.

தண்ணீர் தொண்டைச் சத்தத்தோடு இறங்கியது. தொட்டி லேசாக அசைந்தது.

"மாட்டேன்," என்றாள்.

தோள்வரை கையை உள்ளே விட்டாள். குளிர். எலும்பில் ஏறுகிற குளிர். துழாவினாள். துணி. துணி. கைப்பட்டை. அதைப் பிடித்தாள்.

கைப்பட்டைக்குள் மணிக்கட்டு இருந்தது.

அலறவில்லை. அலற நேரம் இல்லை. விரல்கள் வந்து அவள் விரல்களைச் சுற்றிக்கொண்டன. சுட்டுவிரலில் அடுப்பு சுட்ட பழைய தழும்பு. அவர் கைதான்.

தொட்டி சுற்ற எத்தனித்தது. அவள் தோளைத் திருகியது. ஒரு காலைத் தூக்கி மிஷினின் நெற்றியில் ஊன்றினாள், பிரேக்கை மிதிப்பதுபோல, இருக்கிற பலம் அத்தனையும் கொடுத்து.

"மாமா. என் தோளைப் பிடிங்க."

அந்த வார்த்தை மட்டும் அவர் காதில் எப்படியோ விழுந்தது. ஓடிவந்து பிடித்தார். பிடி அசையவில்லை. வாழ்நாள் முழுக்கப் பாரம் தூக்கியவர். எட்டிப் பார்த்தார்.

"ஆட்டாதேம்மா," என்றார். "நேரா தூக்கு. மெதுவா. ஏத்து. ஏத்து."

ஏற்றினாள். முழங்கை தெரிந்தது. நீலச் சட்டை. உள்ளே உடம்பு நிரம்பிய நீலச் சட்டை. தோள் தண்டை உரசிக்கொண்டு மேலே வந்தது. இன்னும் கொஞ்சம். ஈரத் தலைமுடி.

"டீச்சர்." போனில் அவர். தெளிவாக. "என் கையை யாரோ பிடிச்சிருக்காங்க. நீயா?"

"நான்தான். விடமாட்டேன். நீங்களும் விட்டுடாதீங்க."

"நீதானா." ஒரு நீண்ட மூச்சு. பிறகு, "அப்ப காலைப் பிடிச்சிருக்கறது யாரு?"

அவள் குனிந்து பார்த்தாள்.

தண்டின் அடியில், துணி மட்டுமே போகக்கூடிய அந்த இடுக்கிலிருந்து, ஒரு கை எழுந்துவந்து விளிம்பைப் பற்றியது. கம்பளிக் கை. அதன் பக்கத்தில் இன்னொன்று, லேஸ் வைத்த கை. சாயம் போன சீருடைக் கை. எதுவும் இந்த வீட்டுத் துணி இல்லை, மிஷின் இங்கே வருமுன் துவைத்தவை. நகமே இல்லாத, வெளுத்து ஊறி மடிப்பு மடிப்பாகச் சுருங்கிய விரல்கள் ஒன்றையடுத்து ஒன்றாக விளிம்பைச் சுற்றிலும் வந்து பதிந்தன, இடைவெளி இல்லாமல், வட்டம் நிறைய. தொட்டி கனத்தது. அவள் ஊன்றிய காலின் கீழே தகடு உள்வாங்கியது.

அவள் பிடியை மாற்றிக்கொண்டாள். இன்னும் இறுக்கமாக.

"முதல்ல இவர்," என்றாள் அந்தக் கைகளைப் பார்த்து. "அப்புறம் யாரா இருந்தாலும் வாங்க."

விளிம்பில் இருந்த விரல்கள் அத்தனையும் ஒரே சமயத்தில் அவள் பக்கம் திரும்பின.